நீச்சல் குளப் பராமரிப்பு ஒப்பந்தம்: குறைந்த விலைப்புள்ளியின் பாரத்தைச் சுமப்பவர் யார்?

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை தொடங்கி கோவை, ஒசூர், பெங்களூரு வரை எழுந்து நிற்கும் பெரும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் நீச்சல் குளம் இருக்கிறது. கட்டுமான நிறுவனம் குடியிருப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைத்த பிறகு, அந்தக் குளத்தை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழுகிறது. செயற்குழு மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கிறது. மூன்றில் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறது. சிக்கனமாகச் செயல்பட்டதற்காகப் பொதுக்குழுவில் பாராட்டும் பெறுகிறது.

இது வீட்டு உரிமையாளர்களின் உள்விவகாரம், சாதி ஒழிப்பு அரசியல் பேசுவோருக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். அந்த விலைப்புள்ளியில் நீரின் தூய்மை பற்றிய வாக்குறுதி இருக்கிறது. அந்த நீரைத் தூய்மை செய்பவர் எந்தக் கூலிக்கு, எத்தனை மணி நேரம், எந்தப் பாதுகாப்போடு உழைக்கிறார் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இருப்பதில்லை. ஆகவே பராமரிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் சங்கம், தான் அறிந்தோ அறியாமலோ, ஒரு தொழிலாளியின் வாழ்நிலையைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வு எப்படிச் செய்யப்பட வேண்டும், சட்டம் அதில் யாரைப் பொறுப்பாக்குகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளத்தில் நடக்கும் வேலை

குளத்தைப் பராமரிப்பது தரையைப் பெருக்குவது போன்ற வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வேதிப்பொருட்களோடும் மின்சாரத்தோடும் மூடிய தொட்டிகளோடும் நாள்தோறும் புழங்கும் வேலை. நீரின் அமில காரநிலை 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். கிருமிகளைக் கொல்லும் அளவுக்குக் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நீச்சல் குள நீரின் தரத்துக்கென்றே ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. அந்த அளவுகளைக் காப்பதற்காகத் தொழிலாளி ஆசிட்டையும் ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கையாளுகிறார்.

ஆசிட்டும் ஹைப்போவும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது காற்றைவிடக் கனமானது. தரைமட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத மோட்டார் அறையில் அது தேங்கி நிற்கும். குளத்தின் விளிம்பில் வழியும் நீரைச் சேர்த்துவைக்கும் பேலன்சிங் டேங்க் பெரும்பாலும் நிலத்தடியில், ஓர் ஆள் நுழையும் அளவே வாய் உள்ள தொட்டியாக இருக்கிறது. அதன் அடியில் படியும் சேற்றை வாரி எடுக்க ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். நீருக்கடியில் எரியும் விளக்குகளின் மின்கசிவு முதலில் தாக்கக்கூடியதும், ஈரக் கால்களோடு அங்கே நிற்கும் இதே தொழிலாளியைத்தான்.

இவ்வளவு ஆபத்துள்ள வேலைக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் வேண்டும்; வேதிப்பொருட்களைத் தனித்தனியே வைக்கக் காற்றோட்டமுள்ள அறை வேண்டும்; எதனோடு எதைச் சேர்க்கக்கூடாது என்ற பயிற்சி அவருக்குப் புரியும் மொழியில் வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கைச் சீட்டைக் காட்டுவது பயிற்சி ஆகாது.

விலைப்புள்ளியின் கணக்கு

குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தொழிலாளியின் மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகக் கட்டணம் உட்பட வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டியது 13 விழுக்காடு, அதாவது 1,950 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பங்கு 3.25 விழுக்காடு, ஏறத்தாழ 488 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு, 1,250 ரூபாய். மொத்தம் 18,688 ரூபாய். குளம் வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்க, தொழிலாளிக்கு ஒரு நாள் விடுப்பு தர வேண்டுமெனில், அந்த நாளுக்கு மாற்று ஆள் வேண்டும். அதற்கு ஆறில் ஒரு பங்கு, 3,115 ரூபாய். இப்போது தொகை 21,803 ஆகிறது. 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் ஏறத்தாழ 25,700 ரூபாய். இதில் நிறுவனத்தின் இலாபமோ சீருடையோ கையுறையோ வேதிப்பொருளோ இன்னும் சேரவில்லை.

இதே ஆளுக்கு வரி உட்பட 17,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுக்கிறதென்றால், எஞ்சிய தொகையை யாரோ ஒருவர் இழக்கிறார். வைப்பு நிதி கட்டப்படாது. ஈ.எஸ்.ஐ. எண் இருக்காது. வார விடுப்பு இருக்காது. கையெழுத்து வாங்கும் ஊதியம் ஒன்றாகவும் கையில் தரும் ஊதியம் வேறொன்றாகவும் இருக்கும். குளம் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, 15 மணி நேரம் திறந்திருக்கும். ஆனால் விலைப்புள்ளியில் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். எட்டு மணி நேர வேலைநாள் என்பது நூறாண்டுக்கும் மேலான தொழிலாளர் போராட்டத்தின் பலன். அது ஒரு செயற்குழுக் கூட்டத்தின் அரைமணி நேர விவாதத்தில் காணாமல் போய்விடுகிறது.

எனவே முதல் விதி: மொத்தத் தொகையை மட்டும் காட்டும் விலைப்புள்ளியை ஏற்கக்கூடாது. எத்தனை ஆட்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஊதியம், வைப்பு நிதி எவ்வளவு, ஈ.எஸ்.ஐ. எவ்வளவு, மாற்று ஆளுக்கு எவ்வளவு, பாதுகாப்புக் கருவிகளுக்கு எவ்வளவு, நிறுவனத்தின் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே ஊதியம் காட்டும் விலைப்புள்ளியைப் பரிசீலனைக்கே எடுக்கக்கூடாது. போட்டி சேவைக் கட்டணத்தில் நடக்கட்டும். தொழிலாளியின் கூலியில் போட்டி கூடாது.

‘அவர் எங்கள் ஆள் அல்ல’

விபத்து நேர்ந்தாலும் ஊதியம் நின்றாலும் சங்கங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: அவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். இந்தப் பதில் சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் நிற்கும்?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 43ஆம் பிரிவு, முதலாளி ஊதியத்தைத் தரத் தவறினால், அந்தத் தொழிலாளி வேலை செய்யும் நிறுவனத்தின் உரிமையாளரான கம்பெனியோ கூட்டு நிறுவனமோ சங்கமோ வேறு எவருமோ அதற்குப் பொறுப்பு என்கிறது. சங்கம் என்ற சொல் அப்பிரிவிலேயே இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். மறுபுறம், பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயம் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கே பொருந்தும். பழைய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த எண்ணிக்கை 20 ஆக இருந்தது. குளத்துக்கு இருவர், தோட்டத்துக்கு மூவர், காவலுக்குப் பத்துப் பேர் என்று நடக்கும் குடியிருப்புகள் பல இந்த வரம்புக்குக் கீழே நழுவிவிடுகின்றன.

இன்னொரு தடையும் உண்டு. சோம் விஹார் அடுக்கக உரிமையாளர் சங்க வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், குடியிருப்போருக்குத் தனிப்பட்ட சேவை செய்யச் சங்கம் அமர்த்திய பணியாளர்கள் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் தொழிலாளர் ஆகார் என்று தீர்ப்பளித்தது. வேலை பறிபோனால் சங்கத்தின்மீது தொழிலாளர் நீதிமன்றம் செல்லும் வழியை இத்தீர்ப்பு குறுக்கிவிட்டது. ஆனால் பராமரிப்பு நிறுவனம் இலாபத்துக்காக நடக்கும் வணிக அமைப்பு. அது இந்தப் பாதுகாப்பை எளிதில் கோர முடியாது. ஆகவே தொழிலாளியின் உரிமைகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் நேர்மையையும் பதிவுகளையுமே தொங்கி நிற்கின்றன. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் சங்கத்துக்கு உள்ள அறப்பொறுப்பு இதனால் குறையவில்லை, கூடுகிறது.

குற்றவியல் சட்டமோ ‘ஒப்பந்தக்காரரின் ஆள்’ என்ற பதிலோடு நின்றுவிடுவதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் பெங்களூருவின் வர்த்தூர் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே சிறுமி ஒருவர் உயிரிழந்தார். மின்சாரம் பாய்ந்ததே காரணம் எனத் தெரியவந்த பின், 2024 பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத் தலைவரும் குளப் பராமரிப்பில் இருந்தவர்களும் கைது செய்யப்பட்டனர். இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் பெறலாம். ஒன்று, ஒப்பந்தம் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எந்தச் சங்க நிர்வாகியும் நிம்மதியாக இருக்க முடியாது. இரண்டு, எர்த்திங்கைச் சரிபார்க்கவும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தவும் நிதி ஒதுக்கும் அதிகாரம் இல்லாத கடைநிலைப் பணியாளரும் விபத்துக்குப் பிறகு குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம். முடிவெடுப்பது மேலே, வழக்கு கீழே என்ற நிலையைத் தடுக்க வேண்டுமெனில், யார் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

‘அந்தத் தொட்டியையும் ஒரு முறை பார்த்துவிடு’

சாதி வெளிப்படையாக இயங்கும் இடத்துக்கு இப்போது வருகிறோம். குளத்தில் வேலை செய்யும் ஆளிடம், தண்ணீர்த் தொட்டிகளில் இறங்கப் பழகியவர்தானே என்று, குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அடைப்பையும் எடுக்கச் சொல்வது எளிதாக இருக்கிறது. எழுத்தில் அவர் குளப் பராமரிப்பாளர். நடைமுறையில் அவர் மலக்குழியில் இறக்கப்படுபவர். அங்கே காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. செறிவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். ஆபத்தை உணரும் முன்பே ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

இப்படி இறக்கப்படுபவர் யார் என்பதில் ஐயமில்லை. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் விவரம் சேகரிக்கப்பட்ட சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று 2024இல் வெளியான அரசுத் தரவுகள் காட்டின.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குடியிருப்போர் சங்கங்கள் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் உரிய சட்டம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. அது தவறு. அச்சட்டம் ‘முகமை’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில், கட்டட மனைகளின் மேம்பாட்டிலும் பராமரிப்பிலும் ஈடுபடும் ஒப்பந்ததாரரும் நிறுவனமும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். 7ஆம் பிரிவு, எந்த நபரும் முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ எவரையும் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆபத்தான துப்புரவில் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. 9ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து இலட்சம் வரை. குற்றம் பிணையில் விட முடியாதது. 23ஆம் பிரிவு கம்பெனி என்ற சொல்லுக்குள் தனிநபர்களின் கூட்டமைப்பையும் சேர்க்கிறது. குடியிருப்போர் சங்கம் அத்தகைய கூட்டமைப்பே. சுத்திகரிப்பு நிலையம் கழிவுநீர்த் தொட்டி அல்ல என்ற வாதம் சில நேரம் வைக்கப்படுகிறது. மனிதக் கழிவைப் பெற்றுத் தேக்கி, நுண்ணுயிர்களால் சிதையவிடும் நிலத்தடி அறை எனச் சட்டம் தரும் வரையறை, குடியிருப்பின் சேகரிப்புத் தொட்டிக்கு முற்றிலும் பொருந்துகிறது என்பதே நம் நிலைப்பாடு.

இறக்கப்படுபவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் சேரும். கழிவுநீர்க் குழியில் நேரும் மரணத்துக்கு 2014இல் சஃபாய் கரம்சாரி அந்தோலன் வழக்கில் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றிருந்ததை, 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 இலட்சத்துக்குக் குறையக்கூடாது என்றது. மாதம் சில ஆயிரம் மிச்சப்படுத்தும் சங்கம் இந்தத் தீர்ப்பைத் தன் பொதுக்குழுவில் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய ஆவணங்கள் சிலவே. வைப்பு நிதிப் பதிவு எண், ஈ.எஸ்.ஐ. பதிவு எண், கடந்த ஆறு மாதம் அவற்றுக்குப் பணம் செலுத்திய சலான்கள், இப்போது பராமரிக்கும் இரண்டு குடியிருப்புகளின் முகவரி. அந்தக் குடியிருப்புகளுக்கு நேரில் சென்று, மேலாளரிடம் பேசுவதோடு நில்லாமல், குளத்தருகே நிற்கும் தொழிலாளியிடமும் பேச வேண்டும். ஊதியம் எந்தத் தேதியில் வருகிறது என்ற ஒரே கேள்வி நிறுவனத்தைப் பற்றிப் பலவற்றைச் சொல்லிவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வைப்பு நிதி என்ற வரம்புகள் நிறுவனத்தின் மொத்த ஆட்களைக் கொண்டு கணக்கிடப்படும். ‘உங்கள் குடியிருப்பில் இருவர்தானே’ என்ற சமாதானத்தை ஏற்கத் தேவையில்லை.

பிறகு ஒப்பந்தத்தில் இவை இடம்பெற வேண்டும்:

1. ஊதியம் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்படும். முந்தைய மாத ஊதியச் சான்றும் சலானும் காட்டப்பட்ட பிறகே சங்கம் அடுத்த மாதப் பணத்தை விடுவிக்கும். நிறுவனம் தவறினால் சங்கம் தொழிலாளிக்கு நேரடியாக ஊதியம் தந்து, அத்தொகையை நிறுவனத்தின் பணத்தில் கழித்துக்கொள்ளும்.

2. துணை ஒப்பந்தம் கூடாது. கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கூலி குறைகிறது, பொறுப்பு மறைகிறது.

3. குளப் பணியாளரைக் கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் எதிலும் வேலை செய்யச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கும் இல்லை, நிறுவனத்துக்கும் இல்லை. மறுப்பவர்மீது நடவடிக்கை கூடாது.

4. பேலன்சிங் டேங்க்கில் இறங்குவதற்கு முன் காற்றோட்டம் செய்து, வாயு அளவைச் சோதித்து, மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். தனி ஆளாக எவரும் இறங்கக்கூடாது.

5. உயிர்காப்பாளரும் துப்புரவாளரும் வெவ்வேறு ஆட்கள். நீந்துவோரைக் காக்க வேண்டியவர் அதே நேரத்தில் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருக்க முடியாது.

6. மின்சோதனை ஆண்டுக்கு இரு முறை உரிமம் பெற்ற மின்பணியாளரால் நடத்தப்படும். அதன் செலவும் பொறுப்பும் சங்கத்தினுடையது.

7. பணியாளருக்குக் கழிப்பறை, குடிநீர், உடை மாற்றும் இடம், உணவருந்தும் இடம் தரப்படும். மின்தூக்கியிலோ பாத்திரத்திலோ பாகுபாடு இருக்காது. வேலைக்கு எடுக்கும்போது சாதியைக் கேட்பதோ, சாதி தெரியும்படி ஊர்த் தெருவை விசாரிப்பதோ கூடாது.

கடைசி நிபந்தனை அலங்காரத்துக்கானது என்று எவரும் நினைக்க வேண்டாம். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகத்தின் சவுதார் குளத்தில் நீரருந்தினார். நகராட்சிக் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தீர்மானம் இருந்தும் அது ஏட்டிலேயே கிடந்ததால்தான் அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. பிற்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு கிணறுகளையும் குளங்களையும் குளிக்கும் துறைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் அது அரசு நிதியில் பராமரிக்கப்படுவனவற்றுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவற்றுக்கும் உரியது. மதில் சூழ்ந்த குடியிருப்பின் குளம் அதற்கு வெளியே நிற்கிறது. நீரைத் தூய்மை செய்யும் உடல் ஒன்று, அதில் நீந்தும் உடல் வேறொன்று என்ற பிரிவினை அங்கே எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் நடக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்புக்கு மட்டும் மதில் ஒரு தடையல்ல. அது அரசை மட்டுமன்றித் தனிமனிதர்களையும் கட்டுப்படுத்துகிறது.

நாம் செய்யக்கூடியது

இத்தகைய குடியிருப்புகளில் நம் தோழர்கள் மூன்று வகையில் இருக்கிறார்கள். சிலர் அங்கே வேலை செய்வோரின் பிள்ளைகள். சிலர் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள். இட ஒதுக்கீட்டின் வழியே படித்து உயர்ந்து அங்கே வீடு வாங்கியவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பணி இருக்கிறது.

வீட்டு உரிமையாளராக இருப்பவர், சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலை எழுத்து வழி கேட்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பொதுக்குழுவில் மேற்கண்ட நிபந்தனைகளைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வாக்கெடுப்பில் தோற்றாலும், எச்சரிக்கை தரப்பட்டது என்பதற்குக் கூட்டக் குறிப்பு சான்றாக நிற்கும். வாடகைக்கு இருக்கும் மாணவர், ஒருவர் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்படுவதைக் கண்டால், தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புகார் அனுப்பலாம். தொழிலாளியின் முகத்தைச் சமூக ஊடகத்தில் பரப்பக்கூடாது. அதனால் முதலில் வேலை இழப்பவர் அவராகவே இருப்பார். தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர், பெற்றோரின் வைப்பு நிதி எண் இயங்குகிறதா, மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்பதை இன்றே பார்த்துக் கொடுக்கலாம். ஏறவில்லையெனில் வைப்பு நிதி அலுவலகத்தில் முறையிடலாம்.

கூடுதல் செலவு என்ற எதிர்வாதம் கட்டாயம் வரும். இருநூறு வீடுகள் உள்ள குடியிருப்பில், நேர்மையான கணக்குக்கும் நேர்மையற்ற கணக்குக்கும் இடையே ஓர் ஆளுக்கு மாதம் 9,000 ரூபாய் வேறுபாடு என்றால், ஒரு வீட்டுக்கு அது 45 ரூபாய். அந்த 45 ரூபாயைத் தர மறுக்கும் குடியிருப்பு, அதை ஒரு தொழிலாளியின் வைப்பு நிதியிலிருந்தும் ஓய்வு நாளிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கணக்கை எழுத்தில் வைத்து, யார் தருவது என்று கேட்போம்.